வீட்டில் செய்த வாணம்



நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் பௌதிக ஆசிரியர் வகுப்புக்கு வந்ததும் நியூட்டனின் மூன்று விதிகளையும் ஒப்பிக்கச் சொல்வார். பிழையின்றிச் சொன்னவன் உட்காரலாம். பிழையாகச் சொன்னவன் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். நான் ஒருநாளும் நின்றவனல்லன். "ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான, எதிர்த்திசையில் அமைந்த எதிர்வினை உண்டு" என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுவேன். பின்னர் நானே ஆசிரியனானேன். அந்த வாக்கியத்தை அதே ஒரே மூச்சில் எத்தனையோ மாணவர்களைச் சொல்லச் செய்து உட்கார வைத்தேன்.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஐயா, வினையும் எதிர்வினையும் அளவில் சமம், திசையில் எதிர். அப்படியானால் ஒன்றை ஒன்று அழித்துவிடும் அல்லவா? பிறகு உலகத்தில் ஏதாவது ஒன்று எப்படி நகர்கிறது?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். இன்றும் அந்தச் சொற்களை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்றிரவு உறக்கமின்றி யோசித்தேன், நூல்களைப் புரட்டினேன், விடை அகப்பட்டது. மறுநாள் மிகுந்த உற்சாகத்துடன் வகுப்புக்குப் போய், தீபாவளி வாணத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். குழாய்க்குள் எரியும் வாயு பின்புறம் பாய்கிறது. குழாய் முன்புறம் பாய்கிறது. வாயுவின்மேல் குழாய் செலுத்தும் விசை ஒன்று; குழாயின்மேல் வாயு செலுத்தும் விசை மற்றொன்று. இரண்டும் சமமே, ஆனால் அவை ஒரே பொருளின்மீது செயல்படவில்லை. ஆகையால் அவை ஒன்றை ஒன்று அழிப்பது எப்படி? என் தட்டில் நான் இட்ட சோறும், உங்கள் தட்டிலிருந்து நீங்கள் எடுத்த சோறும் அளவில் சமமாக இருக்கலாம். அதனால் என் தட்டு காலியாகி விடுமா? இப்படியெல்லாம் விளக்கினேன். கரும்பலகையில் வாணத்தின் படம் போட்டு, இரண்டு அம்புக்குறிகளும் இட்டேன். பையனின் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் படம் செய்த வேலையை இரண்டு வாரம் கழித்து அறிந்தேன். அந்தப் பையன் தீக்குச்சிகளின் மருந்தைச் சேர்த்து ஓர் உலோகக் குழாயில் அடைத்து, வீட்டுக் கொல்லையில் தானே ஒரு ராக்கெட் செய்திருக்கிறான். அது மேலே போகவில்லை; கையருகில் வெடித்தது. மருத்துவமனைக்கு நான் ஓடிச் சென்றபோது அவனுடைய இடக்கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு விரல்கள் பிறகு நிமிரவே இல்லை. அவன் தாயார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன்தான் பேசினான். "ஐயா, குழாய் ஏன் மேலே போகாமல் வெடித்தது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடை எளியது. வாயு உண்டாகும் வேகம், அது வாய்வழியே வெளியேறும் வேகத்தைவிட மிகுமானால் குழாய்க்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுவர் தாங்கும் எல்லையைத் தாண்டியதும் சுவரே சிதறும். அந்த நொடியில் வாணம் வெடிகுண்டாகி விடுகிறது. உலோகச் சிதறல் காகிதச் சிதறலைவிடப் பன்மடங்கு கொடியது. இந்த விடையை முதல் நாளே கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டியவன் நான். ஆகவே என் பேச்சைத் தொடரும் முன்பு ஒன்று சொல்லிவிடுகிறேன்: தீக்குச்சி மருந்து, பட்டாசு மருந்து, உலோகக் குழாய் இவற்றைக் கொண்டு ராக்கெட் செய்ய எவரும் முற்பட வேண்டாம். நான் இன்று சொல்லப்போகும் ராக்கெட்டுகளில் நெருப்பே கிடையாது. நியூட்டனின் விதிகளுக்கு நெருப்பு தேவையுமில்லை.

முதலில் பலூன். ஊதிய பலூனை முடிச்சிடாமல் கைவிட்டால் அது அறையெங்கும் திசையின்றிச் சுழலும். அதற்கு ஒரு பாதை அமைத்துக் கொடுப்போம். ஒரு நீண்ட நூலைக் குளிர்பானம் உறிஞ்சும் குழல் ஒன்றினுள் செலுத்தி, நூலின் இரு முனைகளையும் எதிரெதிரான இரண்டு சன்னல்களில் இறுகக் கட்டுங்கள். ஊதிய பலூனைக் குழலோடு ஒட்டுத்தாளால் ஒட்டிவிட்டு வாயைத் திறந்துவிடுங்கள். பலூன் நூலின் வழியே விரைந்து ஓடும்.

ஏன் ஓடுகிறது என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர், "வெளிவரும் காற்று, பின்னால் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, அதனால் பலூன் முன்னே போகிறது" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். நீந்துகிறவன் நீரைத் தள்ளுகிறான், நடக்கிறவன் தரையைத் தள்ளுகிறான்; பலூனும் எதையாவது தள்ளத்தானே வேண்டும்? இந்தத் தவறான கருத்தைக் கொண்டவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். அமெரிக்காவில் ராபர்ட் காடர்ட் என்ற பௌதிகப் பேராசிரியர், ராக்கெட் சந்திரன்வரை செல்லக்கூடும் என்று எழுதியபோது, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1920 ஜனவரியில் அவரை ஏளனம் செய்து தலையங்கம் தீட்டியது. வெற்றிடத்தில் தள்ளுவதற்கு ஏதும் இல்லையே, உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் அறிவுகூட இவருக்கு இல்லையே என்பது அதன் சாரம். காடர்டோ, காற்று நீக்கிய கலத்துக்குள் ராக்கெட்டை எரித்து, அங்கும் உந்துவிசை இருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே சோதித்து அறிந்தவர். 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆபர்ன் என்ற ஊரில், தம் உறவினரின் பண்ணையில், திரவ எரிபொருளால் இயங்கும் உலகின் முதல் ராக்கெட்டை அவர் செலுத்தினார். அது பறந்தது இரண்டரை வினாடி; ஏறிய உயரம் சுமார் 12 மீட்டர். நம் ஊர்த் தென்னை மரத்தின் உயரம்கூட இராது! காடர்ட் 1945-இல் காலமானார். அப்பல்லோ 11 புறப்பட்டதற்கு மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்த நாளிதழ் தன் பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! தேர்வில் இந்தக் கேள்விக்குத் தவறாக விடை எழுதிய மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

சரி, பலூன் எதைத் தள்ளுகிறது? தன்னுள் இருந்த காற்றையே தள்ளுகிறது. மூடிய பலூனில் அடைபட்ட காற்று எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துகிறது. ஒரு பக்கத்து அழுத்தத்தை எதிர்ப்பக்கத்து அழுத்தம் ஈடு செய்கிறது. பலூன் அசையாமல் இருக்கிறது. இப்போது வாயைத் திறக்கிறோம். வாய் இருக்கும் இடத்தில் அழுத்துவதற்குச் சுவர் இல்லை. அதற்கு நேர் எதிரே உள்ள சுவரிலோ காற்று இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஈடுசெய்ய ஆளில்லாத அந்த அழுத்தமே பலூனை முன்னே செலுத்துகிறது. பின்னால் சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கில் மாற்றமில்லை.

இனி, என் வகுப்பில் மிகுந்த ஆரவாரத்தை உண்டாக்கிய தண்ணீர் ராக்கெட்டுக்கு வருவோம். இதற்கு வேண்டியவை மிகச் சில: சோடா வகைக் குளிர்பானம் வரும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி, அதன் வாய்க்கு இறுக்கமான ரப்பர் தக்கை, பழைய சைக்கிள் டியூபிலிருந்து எடுத்த வால்வு, அழுத்தமானி பொருத்திய காற்றுப் பம்பு ஒன்று, நீண்ட ரப்பர்க் குழாய். தக்கையின் நடுவே துளையிட்டு வால்வைப் பொருத்திக்கொள்ள வேண்டும். புட்டியில் மூன்றிலொரு பங்கு நீர் ஊற்றி, தக்கையால் மூடி, தலைகீழாக ஒரு தாங்கியில் நிறுத்திக் காற்றடித்தால், ஓர் அளவில் தக்கை விடுபடும். புட்டி நீரைக் கீழே பீய்ச்சிக்கொண்டு மேலே பாயும். கண்ணாடிப் புட்டியை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கீறல் விழுந்த பிளாஸ்டிக் புட்டியும் ஆகாது. திறந்த மைதானம் வேண்டும். உடன் பெரியவர் ஒருவர் வேண்டும். பம்பு அடிப்பவர் பத்தடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். புட்டியின்மேல் எவரும் குனிந்து பார்க்கக் கூடாது. காற்றடித்தும் கிளம்பாமல் நிற்கும் புட்டியை அருகில் சென்று தொடுவதே எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு. குழாயின் வழியே காற்றை வெளியேற்றிய பிறகே கிட்டே போக வேண்டும்.

முதல் நாள் எங்கள் புட்டி நேராகப் போகவில்லை. பத்தடி உயர்ந்ததும் குட்டிக்கரணம் போட்டுத் தலைமையாசிரியர் அறைச் சன்னலை நோக்கிச் சென்றது. வாணத்துக்கு ஏன் நீண்ட குச்சி வைக்கிறார்கள் என்பது அன்றுதான் மாணவர்களுக்கு விளங்கியது. புட்டியின் கழுத்தருகே அட்டையால் மூன்று சிறகுகள் ஒட்டினோம். தலையில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து அதன்மேல் காகிதக் கூம்பு போட்டோம். எடையின் மையம் முன்னேயும், காற்று தள்ளும் மையம் பின்னேயும் இருந்தால், வழிதவறிய ராக்கெட்டைக் காற்றே திருப்பி நேராக்கும். இது சரியாக அமைந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வெறும் ராக்கெட்டை எடை சமமாக நிற்கும் இடத்தில் கயிற்றால் கட்டித் தலைக்குமேல் சுழற்றுங்கள். மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றினால் நல்லது. வாலை முன்னே காட்டினாலோ களிமண்ணைக் கூட்ட வேண்டும்.

இந்தக் குச்சி வைத்த வாணத்துக்கு நம் நாட்டில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் தம் படையில் பயன்படுத்திய வாணங்களின் குழாய் இரும்பால் ஆனது. காகிதத்தையும் மூங்கிலையும்விட இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும்; ஆகவே அவை அக்காலத்து ஐரோப்பிய வாணங்களைவிடத் தொலைவாகச் சென்றன. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள புள்ளலூரில் ஆங்கிலேயப் படை தோற்றபோது, அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதற்கு இந்த வாணங்களே காரணம் என்று கருதுகிறார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, கைப்பற்றிய வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டை உருவாக்கினார்.

மறுபடியும் மைதானத்துக்கு வருவோம். இரண்டாம் விதியைக் கற்பிக்க எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி, நீரின் அளவை மாற்றிப் பார்ப்பதே. விடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பலர், "நீர் கனமானது, நீரே இல்லாவிட்டால் புட்டி மிக உயரமாகப் போகும்" என்று எழுதினார்கள். நீரின்றி விட்டோம். புஸ்ஸென்று ஓர் ஒலி. புட்டி சிறிது எழும்பி விழுந்தது. வேறு சிலர், "நீர்தானே எரிபொருள், முழுவதும் நிரப்பினால் மிக உயரமாகப் போகும்" என்று எழுதியிருந்தார்கள். நிரப்பி விட்டோம். தக்கை கழன்றது, நீர் மெல்ல வழிந்தது, புட்டி நின்ற இடத்திலேயே நின்றது. எல்லோரும் சிரித்தோம். மூன்றிலொரு பங்கு நீருடன் விட்டதோ, அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது.

காரணத்தை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். காற்றுதான் வில், நீர்தான் அம்பு. நம் பம்பின் அழுத்தத்துக்கு நீர் அமுங்குவதில்லை. ஆகவே நிறைந்த புட்டியில் அமுங்கிக் கிடக்கக் காற்று இல்லை. வெறும் புட்டியிலோ வில் இருக்கிறது, எய்வதற்குக் கனமான அம்பு இல்லை.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்த்தோம். உள்ளே அழுத்தம், வெளிக்காற்றைவிட இரண்டு வளிமண்டல அளவு கூடுதல் என்று கொள்வோம். அப்போது நீர் வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். புட்டியின் வாய் 22 மில்லிமீட்டர் அகலம். அதன் வழியே அந்த வேகத்தில் பாயும் நீர் வினாடிக்கு ஏழரைக் கிலோகிராமுக்குச் சற்று மேல். ஏழரையை இருபதால் பெருக்கினால் 150 நியூட்டன் விசை. அதாவது 15 கிலோகிராம் எடையைத் தாங்கும் விசை. புட்டியும் 300 கிராம் நீருமாகச் சேர்ந்து 350 கிராம்தான்! விசையை நிறையால் வகுத்தால், புவியீர்ப்பு தரும் முடுக்கத்தைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் வருகிறது. மனிதர் ஏறிச் செல்லும் ராக்கெட்டுகளில் இது மூன்று, நான்கு மடங்கு அளவே இருக்கும். இந்தக் கணக்கு முடிந்ததும் வகுப்பில் அமைதி நிலவியது. ஒரு மாணவி மட்டும், "ஐயா, வினாடிக்கு ஏழரைக் கிலோ போகிறது, நம்மிடம் இருப்பது 300 கிராம்தானே?" என்றாள். சரியான கேள்வி. நீர் முழுவதும் தீர்ந்துபோக ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கே ஆகிறது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

அப்படியானால், தலைக்குமேல் உயர்ந்த பிறகும் வினாடிக்கணக்கில் புட்டி ஏறிக்கொண்டே போனதே, அப்போது அதை மேலே தள்ளியது எது? "மிச்சமிருந்த விசை" என்றார்கள் பலர். மிச்சம் ஏதும் இல்லை. நீரும், அதன் பின்னே சீறிய காற்றும் வெளியேறியதுமே உந்துவிசை தீர்ந்தது. அதன்பின் புட்டி ஏறியதற்கு எவரும் தள்ள வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் சடத்துவம் என்றோம். இக்காலப் பாடநூல்கள் நிலைமம் என்கின்றன. இயங்கும் பொருள் தானாக நிற்காது. எதுவாவது அதை நிறுத்த வேண்டும். இங்கே புவியீர்ப்பும் காற்றின் தடையும் நிறுத்தின. கேரம் பலகையில் அடுக்கிய காய்களின் அடிக்காயை ஸ்டிரைக்கரால் அடித்தால், மேல் அடுக்கு அப்படியே கீழே அமர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேற்காய்கள் இருந்த இடத்திலேயே இருக்க விரும்புகின்றன. புட்டியோ போன வழியே போக விரும்புகிறது. இரண்டும் ஒரே குணந்தான். முதல் விதிக்கு நான் முன்பெல்லாம் ஐந்து நிமிடம் ஒதுக்குவேன். மூன்றிலும் கடினமானது அதுவே என்பது இப்போது என் எண்ணம்.

உயரத்தை அளக்க ஒரு கோணமானியின் நடுப்புள்ளியில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, 30 மீட்டர் தள்ளி நின்று, ராக்கெட் உச்சியை அடைந்தபோது பார்த்தோம். கோணம் 35 பாகை. திரிகோணமிதி அட்டவணையைப் புரட்டினால் 21 மீட்டர். பார்த்தவர் கண்ணின் உயரத்தைச் சேர்த்தால் இருபத்திரண்டரை. காற்றுத் தடையே இல்லையென்று வைத்துப் போட்ட கணக்கோ ஐம்பது மீட்டருக்கு அருகே வந்தது. பாதிக்கு மேற்பட்ட உயரத்தைக் காற்று விழுங்கிவிட்டது. இலேசான புட்டிக்குக் காற்று ஒரு பெரும் பகைவன்.

இதே கணக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தக் கடற்கரைச் சிற்றூரின் தேவாலயமே அன்று விஞ்ஞானிகளின் பணியிடம். ராக்கெட்டின் உறுப்பு ஒன்றை மிதிவண்டியில் வைத்துக் கொண்டுசெல்லும் புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கலாம். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 விண்கலத்தை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். விண்கலத்தின் எடையோ நான்கு டன்கூட இல்லை. மற்றதில் பெரும்பகுதி, பின்னே எறிவதற்காகவே சுமந்து சென்ற பொருள். நம் புட்டியில் 50 கிராம் பிளாஸ்டிக்குக்கு 300 கிராம் நீர். இரண்டும் ஒரே குடும்பம்.

விரல் நிமிராத அந்தப் பையன் பிறகு நடந்த சனிக்கிழமைப் பயிற்சிகள் அனைத்துக்கும் வந்தான். பம்பு அடிப்பது அவன் பொறுப்பு, வலக்கையால் அடிப்பான். அருகே எவனாவது குனிந்தால் அவன் போடும் அதட்டலில் நானே இரண்டடி பின்வாங்குவேன்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, முன்பு சொன்ன அந்த மாணவி ஒரு யோசனையுடன் வந்தாள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் தொலைவாகப் பாய்கிறதே, புட்டியின் வாயைச் சுருக்கினால் ராக்கெட் இன்னும் உயரம் போகுமா என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. செய்து பார் என்றேன். புட்டியின் கழுத்துக்குள் சிறிய குழல் ஒன்றைப் பொருத்தி, அதற்கேற்ற சிறிய தக்கையும் செய்து வந்தாள். மூன்று முறை விட்டோம். ராக்கெட் முன்னைவிட நிதானமாகக் கிளம்பியது. நீர் தீர நெடுநேரம் ஆயிற்று. உயரமும் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் அழுத்தமானியில் குறித்த எண்களைப் பார்த்தபடி நின்றாள்.

"ஐயா, சின்னத் தக்கை சீக்கிரம் கழலவில்லை. அழுத்தம் இரண்டரையைத் தாண்டிய பிறகுதான் கிளம்பியிருக்கிறது. வாயைச் சுருக்கியதோடு அழுத்தத்தையும் நாம் மாற்றிவிட்டோம். இதை அதோடு ஒப்பிட முடியாது" என்றாள்.

இரண்டு தக்கைகளும் ஒரே அழுத்தத்தில் விடுபடும்படியாக ஒரு கொக்கி செய்ய வேண்டும். கொக்கிக்கான கம்பியை அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். வரும் சனிக்கிழமை மறுபடியும் அளக்கப் போகிறோம்.